பச்சைக் காருக்குள் சிவப்புக் கார்

பின்னாலிருந்து ஹாரன் விடாமல் அலறியது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பல் டாக்டர் செய்யக்கூடாத காரியம்தான்... ஆனால் வேறு என்ன செய்வது? கொட்டும் மழையில், மேட்டுச் சாலையின் நடுவில், அவளுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் 'டமார்' என்று சத்தம் போட்டுவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. இரண்டே இருக்கைகள் கொண்ட பழைய வண்டி. வீட்டில் அத்தனை பேரும் 'தகர டப்பா' என்று கேலி செய்தபோதும், அவளே தேடிப் பிடித்து, அவளே வாங்கியது.

குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் நின்ற காரின் கண்ணாடியைத் தட்டினாள்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? ஹாரன் அடிச்சா என் வண்டி பறந்து போயிடுமா?"

கண்ணாடி இறங்கியது. ஈர இமைகளோடு இரண்டு கண்கள் அவளை நிமிர்ந்து பார்த்தன. தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்ட குழந்தையின் கண்கள்...

"கண்ணு நல்லாவே தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடைதான் வச்சிருக்கேன். ஹாரன்தான்... தண்ணி பட்டா தானா அடிக்குது. நிறுத்தத் தெரியலைங்க."

அப்போதுதான் கவனித்தாள். அவனுடையதும் அதே கம்பெனி, அதே அச்சு. நிறம் மட்டும் பச்சை. அந்தப் பச்சைக் காரின் முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை.

"உங்க வண்டியும் போச்சு போல" என்றாள். கொஞ்சம் சந்தோஷமாகத்தான்.

பழுதான வண்டிகளை ஏற்றிச் செல்லும் லாரி வந்தது. சிவப்பை மேலே ஏற்றி, பச்சையைப் பின்னால் கட்டினார்கள். முன்சீட்டில் டிரைவர், நடுவில் அவன், ஓரத்தில் அவள். ஈரத் தோள்கள் உரசின. ஒவ்வொரு வளைவிலும் அவள் கதவோடு ஒட்டிக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் அவன், "ஸாரி" என்றான்.

"ரெண்டு பேரும் என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார் டிரைவர்.

"பல் டாக்டர்."

"கண்ணாடிக் கடை."

"அடேங்கப்பா! கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல். நல்ல பொருத்தம்!"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்...

மெக்கானிக் ஷாப்பை நடத்துவது ஒரு அக்கா. இரண்டு வண்டிகளுக்கும் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி எழுந்தார்.

"டாக்டரம்மா, உங்க வண்டிக்கு இன்ஜின் குதிரை மாதிரி இருக்கு. ஆனா அடிச்சட்டம் முழுக்கத் துரு. பின் சக்கரம் மாட்டுற இடமே பிஞ்சு போச்சு. தம்பி, உனக்கு நேர் எதிர். உடம்பு தங்கம். இன்ஜின் வெடிச்சுப் போச்சு. கியர் பாக்ஸும் தேஞ்சு போச்சு."

"சரி பண்ண முடியாதா?" இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"ரெண்டையும் முடியாது. ஆனா ரெண்டையும் சேர்த்தா ஒண்ணு கிடைக்கும்."

"இன்ஜினைக் குடுக்க மாட்டேன்" என்றாள் அவள்.

"இது அம்மா ஓட்டின வண்டி. உடம்பை நானும் குடுக்க மாட்டேன்" என்றான் அவன்.

அக்கா தலையிலடித்துக்கொண்டார். "யாரும் யாருக்கும் குடுக்க வேண்டாம். முதல்ல சேர்த்துக்கட்டுவோம். யாருதுன்னு அப்புறம் அடிச்சுக்குங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. விடுமுறை நாட்களில் இருவரும் கிரீஸ் கறையோடு அங்கேயே கிடந்தார்கள். சிவப்புக் காரிலிருந்து இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ஒன்றாகச் சங்கிலியில் தூக்கினார்கள். உள்ளே வெறும் குழியாகக் கிடந்த தன் காரைப் பார்த்ததும் அவள் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஒரு தம்ளர் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான். அந்த ஒன்றும் பேசாத மனசு அவளுக்குப் பிடித்துப்போனது.

பச்சைக் காருக்குள் இறக்கும்போதுதான் வம்பு. வெளியே ஒரே அச்சுதான் என்றாலும், அவளுடைய கியர் பாக்ஸ் கொஞ்சம் நீளம். பச்சைக் காரில் பின் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்ட் அதற்குச் சேரவில்லை. சிவப்புக் காருடையதையே, பின் அச்சோடு கழற்றி மாட்டவேண்டியிருந்தது. பின்னால் மறைந்திருந்த ஒரு போல்ட் துளை மட்டும் யார் கண்ணுக்கும் அகப்படவில்லை. அவள் பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தாள்.

"ஆ காட்டச் சொல்லுங்க டாக்டர்" என்றான் அவன்.

"அசையாமப் பிடிங்க. இல்லேன்னா உங்க பல்லைப் பிடுங்கிடுவேன்."

போல்ட் உள்ளே இறங்கியது. அவன் கைமேல் அவள் கை... எடுக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

கடைசியில் ஒருநாள் வண்டி உயிர்பெற்றது. அதே பழைய உறுமல். அவள் குழந்தைபோலக் கைதட்டினாள். அவன் வண்டியைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி... இது யார் வீட்டுல நிக்கப் போகுது?" என்றார் அக்கா.

அவன் சாவியை அவள் கையில் வைத்தான். "நீங்களே வச்சுக்குங்க."

அவள் முகம் சட்டென்று மாறியது.

"பாவம் பாத்துக் குடுக்குறீங்களா? இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் எதையும் சும்மா வாங்கினதில்ல."

"அப்படி இல்லைங்க... நான்..."

அவன் முடிப்பதற்குள் அவள் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனபிறகுதான் அழுகை வந்தது. 'அப்படி என்ன சொல்லிட்டான்? நான் ஏன் அப்படிக் குதிச்சேன்?' ஆனாலும் போன் செய்யக் கை வரவில்லை. அவனும் செய்யவில்லை.

அடுத்த வாரம் கிளினிக்குக்கு ஒரு வயதான அம்மா வந்தார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். பற்கள் முத்துப்போல இருந்தன.

"உங்க பல்லுல ஒரு குறையும் இல்லையேம்மா?"

"தெரியும். குறை என் பையன்கிட்டதான்."

அதே கண்கள்! அவள் கையிலிருந்த குட்டிக் கண்ணாடியைத் தட்டில் வைத்தாள்.

"அது உங்க வண்டி... நான் வாங்கிக்கலைம்மா. அன்னிக்கே சாவியை..."

"என்னைக் கேட்டுட்டுத்தான் குடுத்தான். ஏன்டா குடுக்குறேன்னு கேட்டேன். 'அந்தச் சத்தம் கேட்டா அவங்க முகம் எப்படி மலருது தெரியுமாம்மா'ன்னான். சரிடா, வண்டியைக் குடுத்துட்டா அவ அப்புறம் எதுக்குடா உன்னைப் பாக்க வருவான்னு கேட்டேன். பேய் முழி முழிச்சான். அதைப் பத்தி யோசிக்கவே இல்லையாம், மக்கு!"

அவள் சிரித்துவிட்டாள். கூடவே கண்ணீரும்... அந்த அம்மா பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்.

"வண்டி வெளியிலதான் நிக்குது. நான்தான் ஓட்டிட்டு வந்தேன். அவன் கடையில இறக்கி விடுறேன், வா."

கடையில் அவன் ஒரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவளைக் கண்டதும் துணி கீழே விழுந்தது.

"இன்னும் கோவமா?"

"கோவம்தான். கேக்க வேண்டியதைக் கேக்காம, காரைத் தூக்கிக் குடுத்தா?"

அவன் காது மடல்கள் சிவந்தன.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப... வேலை சீக்கிரம் முடிஞ்சிடக் கூடாதுன்னு ஒரு போல்ட்டைக்கூட ஒளிச்சு வச்சேன்."

"தெரியும். டூல் பெட்டிக்கு அடியில. பாத்தேன்."

"பாத்தீங்களா? ஏன் சொல்லல?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "எனக்கு மட்டும் என்ன அவசரம்?"

வெளியே, ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "என்னடா, கேட்டியா இல்லையா? என்ன சொன்னா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். முகமெல்லாம் சிவக்க, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நீங்க வண்டியை எடுங்க அத்தை... போற வழியில நானே சொல்றேன்."