ஈரம் காயாத நடைபாதை!

டெலிபோன் அலறியது.

அது அலறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்! மாநகராட்சியின் சாலைப் புகார் பிரிவு அது. குழி, பள்ளம், உடைந்த நடைபாதை, பெயர்ந்த தார்... ஊரின் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்தக் கம்பி வழியாகத்தான் வந்து கொட்டும்.

கொட்டுவதை வாங்கிக்கொள்ள ஒருத்தி இருந்தாள். பகல் பூராவும் குழிகளைப் பற்றியே பேசுகிறவள் என்பதால், ஆபீஸில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் குழியக்கா.

இன்று குழியக்காவுக்கு வேலையே ஓடவில்லை.

காரணம், காலையிலிருந்து தம்பியைக் காணவில்லை!

தம்பி அதே மாநகராட்சியில் சாலைத் தரப் பரிசோதகன். போட்ட ரோடு ஒழுங்காகப் போடப்பட்டிருக்கிறதா என்று தோண்டிப் பார்த்து, 'நல்ல ரோடு' என்று கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். விடியும்போதே வேலைக்குக் கிளம்பினானாம். அதற்குப் பிறகு போன் அணைந்து கிடந்தது.

தம்பி மனைவி கொஞ்ச நேரம் முன்புதான் போனில் அழுதிருந்தாள்.

"அண்ணி... நேத்து சாயங்காலம் அந்தத் தொப்பி கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்து கத்திட்டுப் போனான். 'உன்னை உள்ள தள்ளாம விடமாட்டேன்டா'ன்னு! இவர் முகம் செத்துப்போச்சு. ராத்திரி ஒரு பொட்டுக்கூட தூங்கலை. எனக்குப் பயமா இருக்கு அண்ணி!"

உள்ளே தள்ளுவானா? எதற்குள்ளே?

டெலிபோன் மறுபடி அலறியது. எடுத்தாள்.

"வணக்கம்... சாலைப் புகார் பிரிவு. சொல்லுங்க."

"ஏங்க, எங்க தெரு நடைபாதை முனகுதுங்க!"

"என்னது?"

"முனகுதுங்க! நான் தையல்காரன். மிஷினை நிறுத்தினா கேக்குது. டக்... டக்குன்னு தட்டுற சத்தம். நடுநடுவுல 'ம்ம்ம்'னு ஒரு முனகல். காலையிலதான் கடை வாசல்ல புதுசா சிமெண்ட் ஊத்திட்டுப் போனாங்க. அதுக்கு அடியிலேர்ந்து வருதுங்க!"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"எந்தத் தெரு?"

சொன்னார்.

இன்று தம்பி பரிசோதிக்க வேண்டிய தெரு!

"அய்யா... அங்க வேற ஏதாவது பாத்தீங்களா?"

"ஓரத்துல ஒரு மஞ்சள் ஹெல்மெட் கெடக்குதுங்க. 'தரப் பரிசோதனை'ன்னு எழுதியிருக்கு. யாரோ மறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க போல..."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஹெட்போனைக் கழற்றக்கூடத் தோன்றாமல் எழுந்து ஓடியவளை, அதன் ஒயர் கழுத்தைப் பிடித்து இழுத்தது.

பிய்த்தெறிந்துவிட்டு ஓடினாள்!

* * *

குறுகலான தெரு. ஒரு பக்கம் கடைகள். கடைகளுக்கு முன்னால் மழைநீர் வடிகால். வடிகாலுக்கு மேலே கனமான சிமெண்ட் பலகைகள். பலகைகளுக்கு மேலே காலையில் ஊற்றிய கான்கிரீட்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது.

குழியக்கா ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துவிட்டு, நடைபாதையில் மண்டியிட்டுக் காதை வைத்தாள். கன்னத்தில் ஈர சிமெண்ட் அப்பியது.

டக்...

டக்... டக்...

"தம்பி! டேய்! அக்கா வந்துட்டேன்டா! கேக்குதாடா?"

"ம்ம்ம்ம்..."

காலையில் இங்கே கான்கிரீட் ஊற்றிவிட்டுப் பக்கத்துத் தெருவில் வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள். பின்னாலேயே இரண்டு ஆட்கள், கடப்பாரை, உடைக்கிற பிரேக்கர் மெஷின்.

"உடைங்க மேஸ்திரி! என் தம்பி உள்ள இருக்கான்!"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"அம்மா, காலையில ஊத்தினது. ஆர்டர் இல்லாம கை வெச்சா என் வேலை போயிடும்."

"ஒரு உசுரு போகுதுய்யா!"

"நாங்க வரும்போது பலகை எல்லாம் மூடித்தான் இருந்துச்சு. 'சீக்கிரம் ஊத்துங்க, மழை வரப்போகுது'ன்னு ஆபீஸ்லேர்ந்து போன் வேற. உள்ள ஆள் இருந்தா எங்களுக்குத் தெரியாதா?"

"மூடித்தான் இருந்துச்சா? யார் மூடினாங்க?"

"அதான் தெரியலை. கடைசிப் பலகை நேத்து சாயங்காலம் பாதி தெறந்து கெடந்துச்சு. காலையில பாத்தா மூடியிருக்கு. கான்ட்ராக்டர் ஆளுங்க மூடியிருப்பாங்கன்னு நெனச்சோம்."

கான்ட்ராக்டர்!

எப்போதும் தலையில் தொப்பியோடு அலைகிற அந்த ஆளுக்குப் போன் போட்டாள். அணைந்திருந்தது. அவருடைய ஆபீஸுக்குப் போட்டாள். "முதலாளி காலையிலேர்ந்து வரலீங்க" என்றார்கள்.

ஓடிவிட்டான்! தம்பியை உள்ளே தள்ளி மூடிவிட்டு ஓடிவிட்டான் பாவி!

போலீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கிய இன்ஸ்பெக்டர் தொப்பையைத் தூக்கிப் பெல்ட்டைச் சரிசெய்தார்.

"யாரும்மா கம்ப்ளெயிண்ட் பண்ணது? நடைபாதை பேசுதுன்னு?"

"சார், காதை வெச்சுக் கேளுங்க சார்!"

அவர் காதை வைக்கவில்லை. பூட்ஸால் தட்டினார்.

"எலி ஓடியிருக்கும்."

"எலி முனகுமா சார்?"

"இந்த ஊர் எலி எது வேணும்னாலும் பண்ணும்மா."

அந்த நேரம் பார்த்து முதல் துளி விழுந்தது.

இரண்டாவது.

பிறகு எண்ண முடியவில்லை. மழை!

மேஸ்திரியின் முகம் சட்டென்று மாறியது.

"அய்யய்யோ..."

"என்ன மேஸ்திரி?"

"வேலைக்காகக் கீழ்ப்பக்கம் வடிகாலை மண்மூட்டை போட்டு அடைச்சிருக்கும்மா. மூணு தெருத் தண்ணி உள்ள வரும். வெளிய போக வழி கெடையாது!"

"மூட்டையை எடுங்க!"

"அதுக்கு மேலயும் பலகை போட்டு ஊத்தியாச்சு..."

குழியக்கா ஓர் ஆளின் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினாள். ஓங்கினாள். குத்தினாள்!

கான்கிரீட் இன்னும் முழுசாக இறுகவில்லை. ஒரு சில்லு தெறித்தது. மறுபடி குத்தினாள். உள்ளங்கை கிழிந்தது. மறுபடி!

மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்.

"வேலை போனாப் போகுது. நகருங்கம்மா... டேய், மெஷினை எடுங்கடா!"

மெஷின் உறுமியது. நடைபாதை அதிர்ந்தது. தையல்காரர் கடையிலிருந்து ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து மெஷினுக்கு மேலே பிடித்தார். ஆட்டோவில் வந்து இறங்கிய தம்பி மனைவி, நிலைமையைப் பார்த்ததும் அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள்.

"அண்ணி... இதுக்குள்ளயா? அவரா?"

"ஒண்ணும் ஆகாது. எடுத்துடலாம். நீ எழுந்திரு."

சொன்னவளின் குரலே அவளுக்கு நம்பிக்கை தரவில்லை.

வடிகாலுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி மெஷினை நிறுத்திக் காது கொடுத்தார்.

டக் சத்தம் இல்லை.

முனகல் இல்லை.

தண்ணீர்ச் சத்தம் மட்டும்...

"தம்பி! தட்டுடா! ஒரு தடவை தட்டுடா!" குழியக்கா தரையில் விழுந்து அறைந்தாள்.

அம்மா போனபோது அவனுக்குப் பல் முளைத்திருக்கவில்லை. இவள்தான் இடுப்பில் தூக்கிச் சுமந்தாள். இவளுக்கு வந்த வரனையெல்லாம், 'தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்' என்று தட்டிக் கழித்தாள். அந்தத் தம்பி... இப்படியா?

"அழாதீங்கம்மா, இன்னும் கொஞ்சம்தான்," என்று மேஸ்திரி மெஷினைத் தூக்கினார்.

அந்த விநாடியில்...

அவளுடைய செல்போன் ஒலித்தது!

ஈரக் கையால் எடுத்தாள். திரையில் தெரிந்த பெயரைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

தம்பி!

"ஹலோ... டேய்! தம்பி! நீயாடா?"

"நான்தாங்க்கா. எதுக்கு இத்தனை தடவை போன் பண்ணியிருக்கே?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"எங்கடா இருக்கே பாவி! செத்தேன்டா நான்! நல்லா இருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன். கொஞ்ச நாளைக்கு வெளியூர் போறேங்க்கா. வீட்டுல நீ சொல்லிடு... என்ன சத்தம் அங்க?"

"உன்னால வந்த வினைடா! நீ உள்ள மாட்டிக்கிட்டேன்னு நெனச்சு நடைபாதையை உடைச்சுக்கிட்டு இருக்கோம்!"



"அக்கா..." குரல் உடைந்து வந்தது. "உடைக்க விடாதே! அந்தத் தையல்கடை வாசலை உடைக்க விடாதே!"

குழியக்காவின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது.

"நான் தையல்கடைன்னு சொல்லவே இல்லையேடா..."

மூச்சு மட்டும் கேட்டது.

தம்பி வெளியே இருக்கிறான்.

அப்படியானால் உள்ளே இருப்பது யார்?

"டேய்... யாரை உள்ள வெச்சு மூடினே?"

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. 'தம்பி கெடைச்சுட்டான், உடைக்க வேண்டாம்'னு ஒரு வார்த்தை சொல்லு. அவ்வளவுதான். எல்லாரும் போயிடுவாங்க. மழை வருதுல்ல? அதுவே முடிச்சிடும். நீதானேக்கா என்னை வளர்த்தே? என்னைத் தூக்குல ஏத்திப் பாக்கப் போறியா?"

இன்ஸ்பெக்டர் நெருங்கி வந்தார்.

"யாரு, தம்பியா? கெடைச்சுட்டாரா? நான்தான் அப்பவே சொன்னேனே, எலின்னு! மேஸ்திரி, மெஷினைக் கட்டுய்யா. மழையில நனைஞ்சது போதும், கிளம்புங்க எல்லாரும்!"

மேஸ்திரி மெஷினைக் கீழே வைத்தார். தையல்காரர் தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினார்.

தம்பி மனைவி ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அவர்தானே அண்ணி? உசுரோட இருக்காரா?"

"இருக்கான்."

"அப்புறம் ஏன் அழறீங்க?"

போன் இன்னும் காதில் இருந்தது. "அக்கா... அக்கா..." என்று அது கெஞ்சிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து இவள் புடவைக்குள் வந்து ஒளிந்துகொள்வானே, அதே குரல்.

உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அவள் வாயை மூடிக்கொண்டால் போதும். நடைபாதையும் மூடிக்கொள்ளும்.

கண்ணை இறுக மூடினாள். திறந்தாள்.

"மேஸ்திரி!"

"என்னம்மா?"

"நிறுத்தாதீங்க! உடைங்க! உள்ள ஆள் இருக்கு!"

"அக்கா!" என்று போன் வீறிட்டது.

அவள் அதை இன்ஸ்பெக்டர் கையில் திணித்தாள்.

"பேசுங்க சார். உள்ள தள்ளி மூடினது இவன்தான்."

* * *

பலகையின் ஒரு மூலை பெயர்ந்தது. நான்கு பேர் கடப்பாரையால் நெம்பினார்கள். குழியக்காவும் நெம்பினாள். கிழிந்த கையிலிருந்து ரத்தம் மழையோடு ஓடியது.

பலகை புரண்டது!

கறுப்புத் தண்ணீர். அதற்கு மேலே, பலகையின் அடியோடு ஒட்டியபடி ஒரு முகம். மூக்கு மட்டும் தண்ணீருக்கு வெளியே.

மேஸ்திரி அப்படியே உள்ளே குதித்து ஆளைத் தூக்கினார்.

கான்ட்ராக்டர்! முதன்முறையாகத் தொப்பி இல்லாமல்!

பின்மண்டையில் காயம். தண்ணீரைக் கக்கினார். இருமினார். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்த பிறகுதான் பேச்சு வந்தது.

"விடிகாலையில வரச்சொன்னான் சார்... பேசித் தீத்துக்கலாம்னு. திரும்பி நின்னேன். கம்பியால போட்டு உள்ள தள்ளினான். ஹெல்மெட் கழண்டு விழுந்ததுகூடத் தெரியாம பலகையை நெம்பி மூடினான்..."

"எதுக்குய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போன மாசம் மார்க்கெட் பக்கம் ரோடு உள்வாங்கி, லாரி கவுந்து ரெண்டு பேர் செத்தாங்களே... அந்த ரோட்டைப் போட்டவன் நான். நான் யோக்கியன்னு சொல்லலை சார், மோசமாத்தான் போட்டேன். ஆனா, அதை ஒரு தடவைகூட நேர்ல போய்ப் பாக்காம பாஸ் பண்ணினவன் இவன். வெயில்ல போக அலுப்பு! நாற்காலியில உக்காந்தே 'நல்ல ரோடு'ன்னு கையெழுத்து. இன்னிக்கு விசாரணையில அதைச் சொல்லப் போறேன்னேன். 'உன்னையும் ஜெயிலுக்குள்ள தள்ளுறேன் பாரு'ன்னேன்..."

அவர் ஜெயிலைத்தான் சொல்லியிருக்கிறார்!

மேஸ்திரி மெல்ல வாயைத் திறந்தார்.

"காலையில 'பரிசோதகர் பேசறேன், சீக்கிரம் ஊத்துங்க'ன்னு போன் பண்ணினதும்... அப்ப உங்க தம்பிதாம்மா."

குழியக்கா உடைந்த நடைபாதை விளிம்பில், கால்களை வடிகாலுக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி மனைவி வந்து உட்கார்ந்தாள். திட்டுவாளோ என்று குழியக்கா பார்த்தாள்.

அவள் திட்டவில்லை. தன் முந்தானையைக் கிழித்து நாத்தனாரின் கையில் கட்டினாள்.

"நான் சொல்லியிருக்க மாட்டேன் அண்ணி," என்றாள் மெதுவாக. "எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது."

"எனக்கும் தைரியம் இல்லைடி. நெஞ்சு வெடிக்குது."

இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மழை நின்றதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

ஜீப்பின் ஒயர்லெஸ் கரகரத்தது. இன்ஸ்பெக்டர் பாய்ந்து எடுத்தார்.

"சொல்லுய்யா! ஆள் மாட்டினானா?"

"மாட்டிட்டான் சார்! ஆத்தங்கரை ரோட்டுல பைக்ல பறந்திருக்கான். ஒரு பெரிய குழி! தூக்கிப் போட்டுருச்சு. கால் ஒடிஞ்சு உக்காந்திருக்கான். நாங்க துரத்தவே இல்லை சார்!"

"ஏதாவது சொல்றானா?"

"'இந்தக் கண்றாவி ரோட்டைப் பாஸ் பண்ணின மடையன் எவன்டா'ன்னு கத்திக்கிட்டே இருக்கான் சார்!"

ஆம்புலன்ஸுக்குள் ஏறிக்கொண்டிருந்த ஸ்ட்ரெச்சரிலிருந்து கான்ட்ராக்டர் தலையைத் தூக்கினார். ஆக்ஸிஜன் மூடியை விலக்கினார்.

"சார்... அந்த ரோடும் நான் போட்டதுதான். பாஸ் பண்ணினவனைப் பாக்கணும்னா, அவன் கையில ஒரு கண்ணாடியைக் குடுக்கச் சொல்லுங்க!"