பத்து மணிச் சத்தம்

காலை ஐந்தே முக்காலுக்கு வரைபடக்காரர் எழுந்தார். பல் துலக்கினார். பால் காய்ச்சினார். சமையலறை ஜன்னலைத் திறந்து, துறைமுகச் சுவரின் முனையில் இருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தபடி நின்றார். இரண்டு மினுக்கு, எட்டு விநாடி இருட்டு, மறுபடி இரண்டு மினுக்கு. விடிந்ததும் அது தானாக அணைந்தது. காலண்டரில் அன்றைய கட்டத்தில் 6.11 என்று எழுதினார். முப்பத்திரண்டு நாளாக அவர்தான் எழுதுகிறார். அதற்கு முன்பு அவர் மனைவி எழுதினாள்.

தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அலமாரியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினார்.

மூழ்கிய கப்பல்கள் ஏன் மூழ்கின என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கண்டுபிடித்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டிருந்த மனிதரை எல்லோரும் ஆய்வாளர் என்றே அழைத்தார்கள். அவருடைய அறை மாடியில் இருந்தது. கீழே அவர் மைத்துனரின் ஜெராக்ஸ் கடை. மைத்துனருக்குத் தெருவில் 'அவசரம்' என்று பெயர். மாடிக்கு யாராவது ஏறினால் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே ஏறிவிடுவார்.

"உட்காருங்க. டீ?" என்றார் ஆய்வாளர், மாடியேறி வந்த வரைபடக்காரரிடம்.

"வேண்டாம் சார். என் மனைவி துறைமுகத்துல விளக்கு மெக்கானிக். கடல்ல மிதக்கிற விளக்குகளுக்கு பேட்டரி மாத்துறது அவ வேலை. போன மாசம் முதல் செவ்வாய்க்கிழமை, கூட வர்ற ஆளுக்குக் காய்ச்சல்னு மூணாவது மிதவை விளக்குக்குத் தனியா போனா. படகு கவிழ்ந்துடுச்சு. ரெண்டு மணிக்கு ஒரு மீன் படகு கொண்டு வந்தது. உயிர் இல்ல."

பையிலிருந்து உள்ளங்கை அளவு மஞ்சள் கருவி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது பீக்கன். லைஃப் ஜாக்கெட்ல கட்டியிருக்கும். விசையைத் தள்ளினா வெள்ளை விளக்கு மினுக்கும், கரையில வயர்லெஸ் அறைக்கும் சத்தம் போகும். அதிகாரி ரிப்போர்ட்ல 'கருவி பழுதின்றி இருந்தது, இயக்கப்படவில்லை'ன்னு எழுதியிருக்கார். விசை ஆஃப்லதான் இருந்துது."

"சரி."

"தள்ள ரெண்டு விநாடி போதும். ஏன் தள்ளலன்னு எல்லாரும் என்னைக் கேக்கிறாங்க. அவ அண்ணன் நேராவே கேட்டார், உங்களுக்குள்ள என்ன சண்டைன்னு."

"சண்டை இருந்துதா?"

"இருந்துது. எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருந்தது. அன்னிக்குக் காலையில செருப்பைப் போட்டுக்கிட்டே சொன்னா, 'போறதுன்னா நீங்க போங்க, எனக்கு எதுவும் வேணாம்'னு. அதுதான் கடைசி." அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அவளுக்கு உயிரும் வேணாம்னு ஆயிடுச்சான்னு தெரியணும். எதுவா இருந்தாலும் சரி. தெரியணும்."

பின்னாலேயே ஏறி வந்திருந்த அவசரம் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அவங்க இந்தக் கருவியைப் பத்தி எப்பவாவது பேசுவாங்களா?"

"ஒவ்வொரு விளக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லும்பா. பாறை மேல இருக்கிறது 'கிட்ட வராதே'ன்னு சொல்லும். மிதக்கிறது 'இப்படிப் போ'ன்னு சொல்லும். சுவர் முனையில இருக்கிறது 'வீடு இங்க'ன்னு. இந்த மஞ்சள்தான் 'என்கிட்ட வா'ன்னு சொல்லுமாம்."

ஆய்வாளர் கருவியின் பின்மூடியைக் கழற்றி, மீட்டரின் இரு முனைகளைப் பேட்டரியில் வைத்தார். முள் அசைந்தும் அசையாமலும் நின்றது.

"அத்தான்! பேட்டரி செத்துக் கிடக்கு! அதான் வேலை செய்யல. கேஸ் முடிஞ்சுது!" என்றார் அவசரம்.

"டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுட்டியே மாப்ளே. சட்டையை மாத்து, துறைமுகத்துக்குப் போவோம்."

விளக்குப் பட்டறையில் ஒரு அட்டை தொங்கியது. கடைசி வரி அந்தப் பெண்ணின் கையெழுத்து: 'திங்கள் மாலை 5.02. பீக்கன் டெஸ்ட். புது பேட்டரி. சரி.'

வயர்லெஸ் அறை படியேறி இரண்டாவது மாடி. வயர்லெஸ்காரர் ஒல்லியான மனிதர். சட்டைப்பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சத்தம் எதுவும் வரல சார். வந்திருந்தா நாலு வீடு தள்ளிக் கேக்கும்."

"டெஸ்ட் எப்படி நடக்கும்?"

"மாசத்துல முதல் செவ்வாய். மணி பத்து அடிச்சதும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள. அந்த அஞ்சு நிமிஷத்துல வர்றதை யாரும் ஆபத்துன்னு எடுத்துக்க மாட்டோம். பத்துக்கு இந்தச் சாவியை அமுக்குவேன், பெரிய சத்தம் வராது, ஒரு 'டிக்' மட்டும் கேக்கும். பீக்கன் ஓடுற வரைக்கும் பேனல்ல சிவப்பு விளக்கு எரியும். பத்து அஞ்சுக்கு சாவியை எடுத்துடுவேன்."

"இன்னிக்கு என்ன தேதி?"

வயர்லெஸ்காரரின் கண் நேராக எதிரே, பேனலின் மேல்பக்கம் போனது. பிறகு சட்டெனத் தலையைத் திருப்பி, கதவுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைப் பார்த்துத் தேதி சொன்னார்.

ஆய்வாளர் பேனலைப் பார்த்தார். வெயில் பட்டு வெளிறிய சாம்பல் நிறம். நடுவில் மட்டும் ஒரு நீள்சதுரம் புதுசு போல் அடர்ந்திருந்தது. அதன் மேலே ஓர் ஆணி. சிவப்பு விளக்கு அந்தச் சதுரத்துக்குள் இருந்தது. பிறகு பதிவேட்டைப் புரட்டினார். நிறைய பக்கங்களில் டீ தம்ளரின் வட்டக் கறை ஊறி இறங்கியிருந்தது.

"போதும். நாளைக்கு வர்றோம்," என்றார்.

படியிறங்கும்போது அவசரம் முணுமுணுத்தார். "ஒண்ணுமே கேக்காம வந்துட்டீங்களே அத்தான். காலண்டரைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?"

"ஆமா மாப்ளே."

மறுநாள் காலை வயர்லெஸ் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். துறைமுக அதிகாரி அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மீன் படகுக்காரர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நின்றார். வரைபடக்காரர் சுவரில் சாய்ந்திருந்தார்.

"பேட்டரியில இருந்து தொடங்குவோம்," என்றார் ஆய்வாளர். "திங்கள் சாயங்காலம் டெஸ்ட் பண்ணிப் புதுசு போட்டதா பட்டறை அட்டையில அவங்களே எழுதியிருக்காங்க. இப்ப செத்துப் போச்சு. ஒரு டெஸ்ட் அரை நிமிஷம். அதுக்கெல்லாம் பேட்டரி சாகாது. மணிக்கணக்கா ஓடினாத்தான் சாகும். அப்ப யாரோ ஓட விட்டிருக்காங்க. யாரு?"

"ஐயோ," என்றார் அவசரம் மெதுவாக. "நான் தலைகீழா பிடிச்சுட்டேன்."

"படகுக்காரரே, அன்னிக்கு உங்களுக்கு அவங்க எப்படிக் கண்ணுல பட்டாங்க?"

"வெள்ளை விளக்கு மினுக்கிச்சுங்க. இல்லாட்டி அந்த அலையில ஒரு தலை எங்க தெரியப் போவுது?"

"அப்புறம் ஏன் விசை ஆஃப்ல இருந்துது?"

"ஆளை ஏத்தினதும் அணைச்சுடுவோம். இல்லேன்னா அடுத்த படகும் தேடிக்கிட்டு வரும். எங்க வழக்கம் அது." அதிகாரியைப் பார்த்தார். "இவர் எந்த இடத்துல எடுத்தேன்னுதான் கேட்டாரு. வேற ஒண்ணும் யாரும் கேக்கலீங்க."

அதிகாரி கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுத்தார்.

வரைபடக்காரர் சுவரை விட்டு நிமிர்ந்தார்.

"அவங்க விசையைத் தள்ளினாங்க. சத்தம் இங்க வந்துது," ஆய்வாளர் தொடர்ந்தார். "வந்த நேரம்தான் கெட்ட நேரம். முதல் செவ்வாய், மணி பத்து தாண்டி ஒண்ணு ரெண்டு நிமிஷம். சாவி ஏற்கெனவே அமுங்கியிருந்துது. இவர் டெஸ்ட்னு எழுதிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். பத்து அஞ்சுக்கு சாவியை எடுக்கணும். மறந்தாலும் பீக்கன் இன்னும் ஓடுதுன்னு காட்டத்தான் சிவப்பு விளக்கு. அந்த விளக்கு மேல காலண்டர் தொங்கிக்கிட்டிருந்துது. பேனல்ல வெளிறாத சதுரம் அதோட அளவு. நேத்துத் தேதி கேட்டப்ப இவர் கண்ணு பழைய இடத்துக்குத்தான் போச்சு."

ஆய்வாளர் பதிவேட்டை எடுத்து விரித்தார்.

"பதிவேட்டுல டீக் கறை முந்தின பக்கத்துல இருக்கு, அடுத்த பக்கத்துல இருக்கு. அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கத்துல மட்டும் இல்ல. அது பின்னால எழுதி ஒட்டினது."

"இங்கிருந்து மூணாவது மிதவைக்குப் படகு போக எவ்வளவு நேரம்?" வரைபடக்காரர் கேட்டார்.

அதிகாரி தரையைப் பார்த்தார். "இருபது நிமிஷம்."

"ரெண்டு மணி வரைக்கும் அவ..." வரைபடக்காரர் நிறுத்திக்கொண்டார்.

வயர்லெஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உடம்பு கரைக்கு வந்ததும்தான் காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். விளக்கு எரியலை, அணைஞ்சிருந்துது. சாவி மட்டும் அமுங்கினபடியே இருந்துது. பதினேழு வருஷம் சார். ஒருநாள் தப்பு பண்ணதில்ல. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. பயந்துட்டேன்."

"கிழிச்ச பக்கம் எங்க?"

சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். மடிப்புகள் நைந்திருந்தன. "எரிக்கலாம்னு தீப்பெட்டி எடுத்தேன். முடியல. கடல்ல இருந்து பேசுறதை சொன்னது சொன்னபடி எழுதணும்கிறது இங்க சட்டம். அவங்க ஒன்பது நாற்பதுக்குப் பேசினாங்க. நானே என் கையால எழுதினேன். எழுதிட்டு, இருபது நிமிஷத்துல மறந்துட்டேன்."

வரைபடக்காரர் கையை நீட்டினார். வாங்கிய தாளை விரித்து, வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் போனார். கீழே துறைமுகச் சுவர் நீண்டு கிடந்தது. முனையில் விளக்கு அணைந்திருந்தது. அவர் கண் ஒரு வரியில் நின்றது. திங்கட்கிழமை மாலை எழுதிய அட்டையின் அர்த்தம் அவருக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

"படிங்க," என்றார் ஆய்வாளர். "எல்லாரும் கேக்கட்டும்."

அவர் படித்தார்.

"மூணாவது மிதவைக்கு வந்துட்டேன். அலை கொஞ்சம் ஜாஸ்தி. பீக்கன் டெஸ்ட்டை நேத்தே முடிச்சுட்டேன், இன்னிக்குக் கிடையாது. பத்து மணிக்குச் சத்தம் கேட்டா, நான் கூப்பிடுறேன்னு அர்த்தம்."