கள்ளன் வேஷக்காரன்

கரமனை ஆற்றை ஒட்டிய அந்த வீட்டுக்கு பத்மஜா போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். மழை விட்டிருந்தது. பழைய படச்சுருள்களைக் கணினியில் ஏற்றித் தருவது அவள் தொழில். கதவைத் திறந்த கைலாஷுக்கு நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு கிண்ணம் நேந்திரங்காய் வறுவல்.

உள்ளே நாற்றம் முகத்தில் அடித்தது. சாக்கடையைச் சுத்தம் செய்தும் போகவில்லை என்றார் அவர்.

அவருடைய கொள்ளுத்தாத்தா எடுத்த ஊமைப்படம் அது. போலீஸ் கொள்ளைக்காரர்களைத் துரத்திப் பிடிக்கும் கதை. இன்ஸ்பெக்டர் வேஷமும் அவரே. அடுத்த வாரம் அவர் உருவப்படத் திறப்பு விழாவில் இதைத் திரையிட வேண்டுமாம்.

இருட்டு அறையில் பத்மஜா தகரப்பெட்டியைத் திறந்தாள். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது. கையுறை போட்ட விரலை எடுத்தால் அது நூல் நூலாக இழுபட்டது. கெட்டுப்போன படச்சுருளின் வாடை அவளுக்குப் பழக்கம்தான். இது வேறு. சீழ் வைத்த புண்ணின் வாடை.

சேதமில்லாத சுருள் ஒன்று கிடைத்தது. பொறுமையாகத் துடைத்து, கணினியில் ஏற்றி, ஓட்டினாள்.

தோணியில் துரத்தல். தென்னந்தோப்பில் கைகலப்பு. பிறகு லாக்கப் அறை. இன்ஸ்பெக்டர் கள்ளனை அடிக்கிறார். கள்ளனின் உதடு கிழிகிறது. பூட்ஸ் கால் முகத்தில் இறங்குகிறது. மீண்டும். மீண்டும். கடைசியில் அவன் தலைமயிரிலேயே பூட்ஸைத் துடைத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

கள்ளன் அசையவில்லை.

"இது நடிப்பு இல்லை," என்றாள் பத்மஜா.

"தெரியும்," என்றார் கைலாஷ், வறுவலை மென்றபடி. நிஜ லாக்கப்பிலிருந்து கூட்டிவந்த ஆள் என்றும், அன்றைக்கே செத்துப்போனான் என்றும், கேட்க யாரும் வரவில்லை என்றும் சாவகாசமாகச் சொன்னார். "அதை வெட்டிட்டா படத்துல என்ன இருக்கு, சொல்லுங்கோ?"

"அவர் பேரென்ன?"

"கள்ளனுக்கு என்ன பேரு?"

எண்ணெய்ப் பளபளப்போடு அசைந்த கைலாஷின் உதடுகளை அவளால் பார்க்க முடியவில்லை. இந்த வேலை தன்னால் ஆகாது என்று எழுந்தாள். பரவாயில்லை, வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன் என்று அவர் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினார்.

இந்த முறை கள்ளன் அசைந்தான்.

மெல்லத் தலையைத் திருப்பினான்.

வீங்கிய இமைகளுக்கு நடுவே ஒரு கண் திறந்தது. அது கைலாஷைப் பார்த்தது.

அவன் வாயைத் திறந்தான்.

கைலாஷின் வாய்க்குள் நறுக்கென்று ஏதோ கடிபட்டது. முகம் சுளித்து உள்ளங்கையில் துப்பினார். மென்ற வறுவலுக்கு நடுவே ஒரு பல். வேரோடு, கருத்த ரத்தம் ஒட்டியபடி. அவர் நாக்கால் துழாவிப் பார்த்தார். அவருடைய பற்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

அவர் கொல்லைப்பக்கம் ஓடி வாந்தியெடுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பத்மஜா ஏற்றியதையெல்லாம் அழித்தாள். தெருவுக்கு வந்து, கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏறிய பிறகும் அவள் நாக்கால் தன் பற்களைத் துழாவிக்கொண்டே இருந்தாள்.

விழா நடக்கவில்லை. ஒரு மாதம் கழித்து கைலாஷ் போனில் அழைத்தார். சுருள்களை எரித்தாயிற்றாம். மனைவியும் குழந்தைகளும் பயந்து ஊரை விட்டுப் போய்விட்டார்களாம். வீட்டில் அவர் மட்டும்தான்.

"கஞ்சிதான் குடிக்கறேன்," என்றார் தழுதழுத்து. "வடிகட்டித்தான் குடிக்கறேன். இன்னிக்கும் ஒரு பல்லு."

போனில் அவர் அழும் சத்தத்துக்கு வெகு அருகே, யாரோ காறித் துப்பினார்கள்.