நான்கு பிளக் வயரையும் பிடுங்கிய பிறகு

ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜினின் உறுமல் ஏறியது. அதற்குள்ளிருந்து வந்த தட்டல் மட்டும் ஏறவில்லை. பழைய அம்பாசிடரின் பானெட்டுக்குள் தலையைக் கவிழ்த்து நின்ற கற்பகவல்லிக்கு முதலில் உறுத்தியது அதுதான். பேரிங் தேய்ந்திருந்தாலும், டேப்பெட் தளர்ந்திருந்தாலும், இன்ஜினின் வேகத்தோடு சத்தமும் சேர்ந்து ஓட வேண்டும். இது ஓடவில்லை. யாரோ தன்பாட்டுக்கு மூன்று தட்டு தட்டி, கொஞ்சம் காத்திருந்து, பதில் வராததால் மறுபடியும் மூன்று தட்டுவது போலிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் வண்டி முழுக்க ஒரு நடுக்கம் ஓடி, டிரைவர் ரத்தினசாமியின் கையிலிருந்த ஸ்டியரிங்கில் போய் முடிந்தது.

"காலை எடுங்க அண்ணாச்சி."

பங்குனி மாதத்துப் பிற்பகல். தாயில்பட்டி ரோட்டோரத்தில் இருந்த அவளுடைய ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை வெயிலில் விரிந்து முறுமுறுத்தது. கரண்ட் போயிருந்தது. காய்ந்த ஆயிலின் வாடையும், காற்று திரும்பும்போதெல்லாம் எங்கிருந்தோ வரும் வெடிமருந்தின் நெடியும் தொண்டையில் ஒட்டின.

"சிவகாசியில மூணு பேரு பாத்துட்டானுக தாயி," என்றார் ரத்தினசாமி, சீட்டிலிருந்து இறங்காமல். "ஒருத்தன் மவுண்டிங் ரப்பர மாத்துனான். ஒருத்தன் இன்ஜினயே இறக்கிப் பாத்தான். மூணாவது ஆளு சாவிய நடுரோட்டுல வீசிட்டுப் போயிட்டான்."

"அதான் கடைசியா எங்கிட்ட வந்தீகளாக்கும். கூச்சமா இல்ல?"

"நாளைக்கு விருதுநகர்ல முதலாளி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அவுக அப்பா காலத்து வண்டிதான் வேணுமாம். நான் என்ன செய்ய?"

அந்த முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில்தான் நான்கு வருடங்களுக்கு முன்னால் ஸ்டோர் ரூம் வெடித்தது. கற்பகவல்லியின் தங்கை ஓவியா அதில் போனாள். பத்தொன்பது வயது. இறந்தது ஐந்து பேர் என்றது கம்பெனி. கதவு திறந்துதான் இருந்தது, ஓவியா திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுபோன செல்போனால்தான் தீப்பிடித்தது என்றது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய காகிதத்தைக் கற்பகவல்லி மேனேஜரின் மேசையிலேயே கிழித்துப் போட்டாள். ஆனால் ஊர் கம்பெனியைத்தான் நம்பியது. இறந்த மற்ற நான்கு பேரின் வீட்டுக்காரர்களும் இன்றுவரை அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். தங்கையின் பெயரில் ஒட்டிய அந்தக் கரியைத் துடைக்க அவளிடம் எந்தச் சாட்சியும் இல்லை. இருந்தது வீம்பு மட்டும்தான். அந்தக் கம்பெனியின் இரும்புக்கு முன்னால்கூட 'முடியாது' என்று சொல்லக் கூடாது என்ற வீம்பு.

"ஸ்டார்ட் பண்ணுங்க. நானா அதுவான்னு பாத்துருவோம்."

நான்கு சிலிண்டர் இன்ஜின். ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கிப் பார்த்தால், கோளாறு எந்தச் சிலிண்டரில் இருக்கிறதோ அதன் வயரைப் பிடுங்கியதும் சத்தம் அமுங்கும். பழைய டியூப் ரப்பர் சுற்றிய இடுக்கியால் முதல் வயரைப் பிடுங்கினாள். இன்ஜின் நொண்டியது. தட்டல் மாறவில்லை. மாட்டிவிட்டு இரண்டாவதைப் பிடுங்கினாள். மாறவில்லை. மூன்றாவது. நான்காவது. எரிச்சலில் நான்கையும் மொத்தமாகப் பிடுங்கி எறிந்தாள். இன்ஜின் இருமி, உதறி, செத்தது.

ஒர்க்‌ஷாப்பில் அமைதி வந்து உட்கார்ந்தது.

தட். தட். தட்.

ஆலங்குளத்திலிருந்து வரும் சிமெண்ட் லாரியாக இருக்கும், அது போனால் இந்தத் தகரமெல்லாம் ஆடும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். ரோடு கானல் நெளிய வெறுமனே கிடந்தது.

தட். தட். தட்.

"விட்டுரு தாயி. முடியலைன்னு சொல்லிக்கிடுதேன்."

"எனக்கு முடியலைன்னு நீங்க ஏன் சொல்லணும்?"

நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வைத்து அழுத்தினாள். தட்டல் தூரத்தில் கேட்டது. கியர்பாக்ஸில் வைத்தாள். கொஞ்சம் கிட்டே. குனிந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸில் வைத்தாள். இன்னும் கிட்டே. அப்படியே பின்பக்கம் நகர்ந்து போய் டிக்கியின் மூடியில் வைத்தபோது தலைக்குள்ளேயே தட்டியது. இரும்பில் இரும்பு படும் சத்தமல்ல அது. மரக்கதவு. மரக்கதவில் உள்ளங்கை.

டிக்கியைத் திறந்தாள். ஸ்டெப்னி. ஜாக்கி. வேறொன்றும் இல்லை. தட்டல் அந்த வெற்றிடத்திலிருந்தே வந்தது. கூடவே, கருகிய முடியின் வாடை.

கால்கள் ஓடச் சொன்னன. டிக்கியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இது என்ன அண்ணாச்சி?"

ரத்தினசாமி திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினார்.

"அதிகாரிக செக்கிங் வந்தா, லிஸ்ட்ல இல்லாத ஆளுகள ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டிருவோம். எல்லாக் கம்பெனியிலயும் செய்யுறதான்னு நெனச்சோம். அன்னைக்கு நாந்தான் பூட்டுனேன். சத்தம் காட்டாதீக, நம்ம வண்டி வந்து ஆரன் அடிச்சா வெளிய வரலாம்னு சொல்லிட்டு முதலாளியக் கூட்டியாரப் போனேன்."

"அப்புறம்?"

"திரும்பி வந்தேன். வண்டி சத்தம் அவுகளுக்குக் கேட்டுருச்சு. தட்டுனாக. உள்ள புகை. ஆனா செக்கிங் ஜீப்பு வாசல்லயே நிக்குது. செத்த நேரம் பொறுலே, அது போகட்டும்னு முதலாளி சொன்னாரு." அவர் விரல் ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த ஹாரனைத் தொட்டு விலகியது. "நான் ஆரன் அடிக்கல தாயி. அதுல இருந்து இந்த வண்டிய எங்கன ஸ்டார்ட் பண்ணுனாலும், கதவத் தெறக்க வந்துட்டேன்னு நெனச்சுக்கிடுதாக."

"செல்போனு?"

"எல்லார் போனையும் நாந்தான் வாங்கி வச்சிருந்தேன். ஓவியா போனு என் சட்டைப் பையிலதான் கெடந்துச்சு."

நான்கு வருடம். கற்பகவல்லி டிக்கியின் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். பயம் போகவில்லை. ஆனால் அதற்கு மேலே வேறொன்று எழுந்து நின்றது.

"இத நாளைக்கு மண்டபத்துல, எல்லார் முன்னாடியும் சொல்வீகளா?"

"எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு தாயி."

தட். தட். தட்.

அவள் நடந்து வந்து டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குள் கையை விட்டாள்.

"வேண்டாம்! ஒன்னக் கும்பிடுதேன், அடிக்காத!"

அடித்தாள். ஹாரனை விடாமல் அழுத்தினாள். தகரக் கூரை அதிர, கை வலிக்கும்வரை.

எடுத்தாள்.

தட்டல் நின்றிருந்தது.

வண்டி அமுங்கியது. பின்பக்கம். லேசாக, ஸ்பிரிங் பட்டை கிரீச்சிட. ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் அமுங்குகிற அளவு. அவள் பக்கத்து மட்கார்டில் கையை வைத்தாள். எத்தனை கிலோ ஏறினால் எந்தப் பட்டை எவ்வளவு வளையும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

இன்னொரு முறை.

மூன்று. நான்கு. ஐந்து.

அதில் எது ஓவியா என்று தெரியவில்லை. பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தைரியமும் இல்லை.

கம்பெனி சொன்ன ஐந்தோடு நிற்கவில்லை.

ஆறு. ஏழு. எட்டு.

பிறகு மூன்று முறை, அமுங்கியதே தெரியாத அளவுக்கு. ஒவ்வொன்றும் ஒரு நெல்லு மூட்டையில் பாதி எடைகூட இருக்காது.

அவள் கை மட்கார்டிலேயே உறைந்தது.

"சின்னப் பிள்ளைகளையும் பூட்டுனீகளா?"

ரத்தினசாமி கதவுப் பிடியை இழுத்தார். திறக்கவில்லை. தோளால் இடித்தார். உள்ளங்கையால் தட்டினார். கற்பகவல்லி ஓரடி பின்னால் நகர்ந்தாள். குரல் நடுங்கவில்லை.

"விருதுநகர் மண்டபம் எங்கன இருக்குன்னு அவுகளுக்குத் தெரியாது அண்ணாச்சி. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

வண்டி அசைந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. ஒர்க்‌ஷாப்பின் நிழலிலிருந்து வெள்ளை வெயிலுக்குள் மெல்ல உருண்டது, பின்பக்கம் தரையைத் தொடுமளவு தாழ்ந்து. திறந்திருந்த ஜன்னலில் ரத்தினசாமியின் வாய் திறந்திருந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில், பின்சீட்டிலிருந்து நீண்டு, பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடர் படிந்த ஒரு கை அமர்ந்தது. ஐந்து விரலும் சேர்ந்து அவருடைய காதளவுகூட இல்லை.