நிலவறையில் காணாமற்போன கறுத்தக்கொழும்பான்

பாரிஸின் லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தவரத்தினம், விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் கோசலையின் அறைக்குள் வந்தவர் உட்காரவேயில்லை.

“மூண்டாந்தரம், தங்கச்சி. நிலவறையிலை ரெண்டு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் காணேல்லை. பூட்டு பூட்டினபடி. திறப்பு கடையிலை வேலை செய்யிற மதுஷனிட்டை மட்டுந்தான். பக்கத்துப் பழச்சாறுக் கடைப் பாண்டிச்சேரிக்காரன் லூசியனும் அவனை நம்பாதேங்கோ எண்டுதான் சொல்லுறான். நாளைக்குப் பொபினி விசாக் கந்தோரிலை அவனுக்கு ரொந்தேவு குடுத்திருக்கு, நேரிலை போகவேணும். வேலைக் கடிதத்திலை நான் கையெழுத்து வைக்கேலாது.”

“கடிதம் இல்லாட்டி அவனுக்கு விசா இல்லை, அண்ணை.”

“எனக்கு மாம்பழம் இல்லை.”

கோசலை பெருமூச்சோடு எழுந்தாள். கூட வேலை செய்யும் தயாளினி, கேட்காமலே டோர்ச்சை எடுத்துக்கொண்டாள்.

கடைக்குக் கீழே, உலகப்போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து சனம் பதுங்கிய நிலவறை அது. ‘அப்ரி’, புகலிடம், என்ற வெள்ளை எழுத்து சுவரில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. ஒரே ஒரு இரும்புக் கதவு. மூலையில் வெற்று மட்டைப்பெட்டிகள். நாளைக்கான விசா விண்ணப்பக் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி மதுஷன் படியில் நின்றான்.

“சன்னல்கூட இல்லை. இவன்தான், அக்கா,” என்றாள் தயாளினி.

“கொஞ்சம் பொறும்.”

“களவெடுத்தது காணாதெண்டு மிளகாய்த்தூளையும் கொட்டியிருக்கிறான்.” தவரத்தினம் மூலையைக் காட்டினார். “ஒவ்வொருக்காவும் நான்தான் கூட்டி அள்ளுறது.”

“தூள் பைக்கற் ஒண்டும் உடையேல்லை எண்டு எத்தினைதரம் சொன்னனான்?” என்றான் மதுஷன்.

“கூட்டேக்கை தும்மினனீங்களோ, அண்ணை?” கோசலை கேட்டாள்.

“இதென்ன விசர்க் கேள்வி? இல்லை.”

“காத்துப் போகாத அறையிலை மிளகாய்த்தூளைக் கூட்டினால் தெருவிலை போற சனமும் தும்மும்.” சிவப்பை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். மணமில்லை. “இது செங்கல் தூள். கடைக்காரருக்குச் சிவப்பெல்லாம் மிளகாய். சரி, ஊரிலை பங்கர் வெட்டினனீங்கள்தானே. எத்தினை வாசல்?”

“ரெண்டு. ஒண்டு இடிஞ்சு மூடினால் மற்றதாலை…” தவரத்தினம் நிறுத்தினார்.

“இஞ்சை பதுங்கின சனத்துக்கும் உயிர் அதேதான். லண்டனிலையும் அந்த நாளிலை, பக்கத்து நிலவறைக்கு உடைச்சுக்கொண்டு போகச் சுவரிலை ஒரு இடத்தை மெல்லிசாய் விட்டவை.”

தயாளினி மட்டைப்பெட்டிகளை இழுத்தாள். பின்னால், இடுப்புயரத்துக்கு, சாந்தில்லாமல் அடுக்கிய செங்கற்கள். நாலைந்தைத் தள்ளினாள். அந்தப் பக்கம் வெளிச்சம். தவரத்தினத்தின் கடைப் பெயரோடு ஒரு மாம்பழப் பெட்டி. அதன் பின்னால் லூசியனின் முகம்.

“செவுத்த ரிப்பேர் பண்றேன், முசியே,” என்றான் லூசியன்.

“மாம்பழத்தாலையோ?” என்றாள் தயாளினி.

தவரத்தினம் யாரையும் பார்க்கவில்லை. சட்டைப்பையைத் தடவினார்.

“பேனை?”

மதுஷன் ஏற்கெனவே மூடியைக் கழற்றி நீட்டிக்கொண்டிருந்தான்.