தாங்கிப் பட்டை

டவுன்ஹால் ரோட்டில் சவாரியை ஏற்றிய கையோடு மணிவேலுக்கு வயிறு சுருட்டிப் பிடித்தது. "அஞ்சு நிமிசம் சார், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை மின்னேற்று நிலையத்துக்குள் விட்டான். மதுரையில் எந்த நிலையத்துக் கழிப்பறையில் தண்ணீர் வரும், எதில் வராது என்பதெல்லாம் இப்போது அவனுக்கு அத்துப்படி.

புற்றுநோய் அவனுக்கில்லை. அவன் மனைவி சிவரஞ்சனிக்கு, கர்ப்பப்பை வாயில். வாரம் முழுக்கக் கதிர்ச் சிகிச்சை, அதில் ஒருநாள் கீமோவும் சேர்த்து. கதிர் கட்டியைச் சுடும்போது பக்கத்திலிருக்கும் குடலும் சிறுநீர்ப்பையும் சேர்ந்தே வேகும். அது தாளாமல் பாதியில் ஓடிய பெண்கள் ஏராளம். அதற்குத்தான் தாங்கிப் பட்டை வந்தது. நோயாளி இடுப்பில் ஒன்று, அவருக்காக ஏற்றுக்கொள்பவர் இடுப்பில் ஒன்று. கட்டி அங்கே சாகும். கதிர் தந்த புண்ணும் எரிச்சலும் பேதியும் இங்கே வந்து சேரும், எத்தனை தூரத்தில் இருந்தாலும். ஏற்பவருக்குத் 'தாங்கி' என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் ஒருநாளாவது பட்டையைக் கட்டிப் பார்த்திருக்க மாட்டான்.

வீட்டில் கூத்து தலைகீழாக நடந்தது. நோயாளி தெம்பாக மீன் குழம்பு சாப்பிட்டாள். எதிரே அவன் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"ரொம்ப எரியுதாங்க?"

"சேச்சே, லேசாக் கலக்கும். நீ சாப்பிடு."

சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுத் துண்டைக் கடித்துக்கொள்வான்.

ஒருநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "முடிஞ்சிருச்சுங்க. இனிமே போக வேணாம்." மணிவேல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். சில வாரங்களில் எரிச்சல் அடங்கியது. மோர்சாதத்திலிருந்து பரோட்டாவுக்கு வந்தான். முன்பின் தெரியாத சவாரிகளிடமெல்லாம், "எங்க வீட்ல சரியாயிருச்சு சார்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்கு மறுபடி ரத்தம் பட்டது. டாக்டர் மெஹருன்னிசா ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு அவனைத் தனியே அழைத்தார்.

"கடைசியில கர்ப்பப்பைக்குள்ளேயே வச்சுக் கொடுக்குற கதிருக்கு அவங்க வரவே இல்லையே. கட்டியை முழுசா முடிக்கிறது அதுதான். எரிச்சல் இன்னும் அதிகமா வரும்னு சொன்னோம். 'எனக்கா, அவருக்கா'ன்னு கேட்டாங்க. அதோட வரல."

"எனக்கொரு போன் பண்ணிருக்கலாமே டாக்டர்!"

"நோயாளி சம்மதம் இல்லாமச் சொல்லக் கூடாது. இப்பத்தான் சொல்லச் சொன்னாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பட்டை வந்த பிறகு தன் வேதனைக்காக ஒருத்தியும் நிறுத்தல மணிவேல். நிறுத்துறவங்க எல்லாரும் தாங்கியப் பாத்துட்டுத்தான் நிறுத்துறாங்க."

"இப்ப வைங்க. எவ்வளவு வந்தாலும் தாங்குறேன்."

"பரவிருச்சுப்பா."

வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் சிவரஞ்சனி. "ஏன்டி இப்படிப் பண்ண?" என்றான்.

"என் வலின்னா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்திருப்பேன். நீங்க அழுகுறது குழாச் சத்தத்தையும் மீறிக் கேக்கும். கதவுக்கு வெளியதான் நிப்பேன்."

அவன் வயிறு குளிர்ந்த நாட்களிலெல்லாம் அவளுக்குச் சிகிச்சை நடக்கவில்லை. அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக் கொண்டாடியிருக்கிறான்.

பிறகு வலி வந்தது, அவளுக்கே வந்தது. மாத்திரைக்கு மசியாத ஒரு மத்தியானம், மணிவேல் அலமாரியைக் குடைந்து இரண்டு பட்டைகளையும் எடுத்து வந்தான். ஒன்றை அவள் இடுப்பில் மெல்லக் கட்டினான். இன்னொன்றைத் தன் இடுப்பில் இறுக்கினான்.

"இது கதிரோட புண்ண மட்டுந்தாங்க கடத்தும். நோவு தர்ற வலியக் கடத்தாது."

"நீ சும்மா இரு."

இரண்டு பட்டைகளிலும் பச்சை விளக்கு எரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவள் முனகினாள். அவனுக்கு எங்கேயும் வலிக்கவில்லை.