ஆறாவது குமிழ்

கம்ப்யூட்டர் பெட்டி முகப்பில் இருந்த சின்னத் திரையின் ஆறாவது இடத்தில் இரண்டு கோடுகள்தான் இருக்க வேண்டும். இரண்டு வருடமாக அப்படித்தான் இருந்தது. அன்று மதிய உணவுக்குப் பிறகு பதிவாளர் வழக்கம்போல் மேசை முன் உட்கார்ந்து, கம்ப்யூட்டரை முடுக்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தபோது, கோடுகள் இருந்த இடத்தில் நீல நிறத்தில் ஓர் எண் நின்றது. 36.8.

பணி ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் எல்லோரும் அவரைப் பதிவாளர் என்றே அழைத்தார்கள். அதில் அவருக்குக் குறையில்லை. முப்பத்தொரு வருடம் அடுத்தவர் பத்திரங்களில் கையெழுத்திட்ட கை, இப்போது தன் குடும்பத்தின் வரலாற்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தது. ஏழு தலைமுறை. ஒருவர் மீதும் ஒரு சொல் விழாத ஏழு தலைமுறை. தம்பியின் பெயருக்கு எதிரே ‘வெளிநாட்டில் வசிக்கிறார்’ என்று அவரே அடித்திருந்தார்.

கம்ப்யூட்டர் தம்பி கையால் கட்டியது. பெட்டியின் முகப்பில், குறுந்தகடு செருகும் இடத்தில், ஆறு திருகு குமிழ்களும் அந்தச் சின்னத் திரையும் கொண்ட கறுப்புப் பட்டை ஒன்றைப் பொருத்தியிருந்தான். குமிழுக்கு ஒரு விசிறி, விசிறிக்கு ஒரு சென்சார். சென்சார் என்பது தலைமுடி போன்ற கம்பியின் நுனியில் நகத்தளவு தகடு. எங்கே ஒட்டுகிறோமோ அங்கே உள்ள சூட்டைச் செல்சியஸ் கணக்கில் திரையில் காட்டும். குமிழை வலப்பக்கம் திருகினால் விசிறி விரையும், இடப்பக்கம் திருகினால் அடங்கும். சூடு எல்லை தாண்டினால் பட்டை கீச்சிடும். அண்ணன் கோபத்துக்கும் ஒரு குமிழ் வைத்திருப்பேன், ஏழாவதுக்கு இடமில்லை என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தானாம்.

ஐந்து விசிறிகள் பெட்டிக்குள் இருந்தன. ஆறாவது மட்டும் மாடியில்.

தம்பி தேர்வுத் துறையில் குமாஸ்தாவாக இருந்தவன். தூரத்து நகரம் ஒன்றில் கேள்வித்தாளை விற்றுப் பிடிபட்டு, பதினெட்டு மாதம் சிறையில் இருந்துவிட்டு, ஒரு விடியற்காலையில் வந்து வாசலில் நின்றான். அதற்குள் பதிவாளர் உறவுக்காரர்கள் எல்லோரிடமும் அவன் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லை மாற்ற முடியுமா? மாடிப்படியின் உச்சியில், மொட்டை மாடிக்குக் கீழே, பழைய சாமான் போடும் அறையை ஒழித்துக் கொடுத்தார். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். கதவுக்கு வெளிப்பக்கம் தாழும் பூட்டும் போட்டார். வெளிச்சம் தெரியும் என்பதால் மின் இணைப்பும் தரவில்லை. தம்பி முணுமுணுக்கவில்லை. கூரையை ஒட்டிய காற்றுத் துளையில் கம்ப்யூட்டர் விசிறி ஒன்றைப் பதித்து, அதன் கம்பியையும் ஒரு சென்சாரின் கம்பியையும் தரையைத் துளைத்துக் கீழே இறக்கி, ஆறாவது குமிழில் இணைத்துக்கொண்டான். அந்த விசிறிதான் அவனுக்கு மூச்சு. காய்ச்சல் வந்தால் சென்சாரைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். கீழே அண்ணி எண்ணைப் பார்த்துவிட்டு மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பாள். அண்ணன் எப்போதாவது உள்ளே வந்தால், கட்டில் கிறீச்சிடச் சுவரோரமாக நகர்ந்து இடம் விடுவான்.

பிறகு, மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த அந்தக் கோடை நாள். கூடம் நிறைய ஆட்கள். அடுத்த அறையில் பட்டை கீச்சிட்டது. என்ன சத்தம் என்று வந்தவர்களில் ஒருவர் கேட்க, கம்ப்யூட்டர் சூடாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பதிவாளர் எழுந்து போனார். 41.3 என்று ஆறாவது எண் விட்டுவிட்டு ஒளிர்ந்தது. மேலே விசிறியின் இரைச்சல் கூடத்துக்குக் கேட்கிறதோ என்றும் அவருக்குத் தோன்றியது. குமிழைக் கடைசி வரை இடப்பக்கம் திருகினார். பட்டையின் ஓரத்துப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தார். சத்தம் நின்றது. விருந்தினர்கள் மாலை வரை இருந்தார்கள், சம்பந்தம் முடிவாயிற்று.

தம்பி கத்தவில்லை. கதவைக்கூடத் தட்டவில்லை. மானம் தெரிந்தவன் என்று பதிவாளர் பிறகு மனைவியிடம் சொன்னார். அன்றிரவு தம்பியின் உடலை அவரும் மனைவியும் மகனும் சேர்ந்து என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி மூவரும் அதன்பின் பேசியதில்லை. ஆறாவது குமிழின் கம்பிகளை அவரே கத்தரிக்கோலால் வெட்டினார்.

இப்போது 36.8.

மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். மகன் திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தான்.

“பழைய சாமான்ப்பா. தப்பாத்தான் காட்டும். நீங்க அதையே பாத்துட்டு உக்காராதீங்க.”

இப்படித்தான் போன மாதமும் அவனும் அவன் அம்மாவும் சேர்ந்துகொண்டு ஏதோ சொன்னார்கள். சம்பந்தி வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர், “தம்பிக்கு மேல சாப்பாடு போயிடுச்சா?” என்று கேட்டாராம். சம்பந்தி கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டாராம். பதிவாளருக்கு அப்படி எதுவும் நினைவில்லை. தன் வாயிலிருந்து அது வந்திருக்காது என்று அடித்துச் சொன்னார். வீட்டு விஷயம் வாசற்படி தாண்டினால், தாண்டவிட்டவன் இந்த வீட்டு ஆள் இல்லை என்று அந்த வீட்டில் சட்டம் போட்டவரே அவர்தானே. அன்றிலிருந்து அவர் பேசத் தொடங்கினால் மகன் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு உன்னிப்பாகக் கேட்டான்.

அடுத்தடுத்த நாட்களில் அவர் ஒரு வரிகூட அடிக்கவில்லை. எண்ணைப் பார்த்தபடி இருந்தார். காலையில் 36.4. மதியம் 36.9. உண்ட பிறகு ஒரு புள்ளி ஏறி, தூங்குகிறவர்களுக்கு இறங்குவது போல மெல்ல இறங்கியது. வெயில் கொதித்த பகலிலும் அது முப்பத்தேழைத் தாண்டவில்லை; மழை பெய்து தரையெல்லாம் சில்லிட்ட நாளிலும் முப்பத்தாறுக்குக் கீழே போகவில்லை. சுவர் அப்படிச் சூடாவதில்லை. கூரை அப்படிச் சூடாவதில்லை. எது அப்படிச் சூடாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் அந்த நினைப்பை முடியவிடாமல் நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மனைவி அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரம், பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. ஐந்து விசிறிகளும் ஒரே சுருதியில் ரீங்கரித்தன. கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கி, தான் வெட்டிய முனைகளைத் தேடினார். முனைகள் இல்லை. புதுக் கறுப்பு நாடா சுற்றி இரண்டும் ஒட்டப்பட்டிருந்தன. சுருக்கமில்லாமல், அழுத்தமாக, நிதானமாக உட்கார்ந்து செய்த வேலை.

இந்த வீட்டில் அவருக்குத் தெரியாமல் ஓர் ஆணி அடித்ததில்லை.

மேசை இழுப்பறையைத் திறந்தார். மாடி அறைச் சாவி இல்லை.

உள்ளே எழுந்தது முதலில் பயம் அல்ல, ஆத்திரம். நாற்பது வருடம் தன் தட்டில் சோறு போட்டவள். தன் பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொண்டு நடப்பவன். இருவரும் தன் தலைக்கு மேலே யாரையோ வைத்திருக்கிறார்கள். யாரை? கூப்பிட்டுக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மாடிப்படியில் ஏறினார். பதினான்கு படி. ஒவ்வொன்றிலும் ஈரத்துணி துடைத்த தடம் காய்ந்திருந்தது; இரண்டு வருடமாக யாரும் ஏறாத படிகள் அவை. அடுக்களையில் குழாய் நின்றது. பாத்திரச் சத்தமும் நின்றது. உச்சியில் கதவின் பூட்டு திறந்து, சாவியோடு தொங்கியது. தாழ் விலக்கியிருந்தது. உள்ளே ஆறாவது விசிறி சுற்றுவது கேட்டது, சளி கட்டிய நெஞ்சு போல.

தள்ளினார்.

யாரும் இல்லை. காற்றுத் துளையிலிருந்து விழுந்த வெளிச்சம் விசிறியின் இறக்கைகளால் துண்டு துண்டாகக் கட்டிலின் மேல் ஓடியது. கட்டிலில் புது விரிப்பு, அதன் மேல் கனமான போர்வை. அவர் இரண்டடி உள்ளே வைத்தார். தலைமாட்டில் இருந்தது அவருடைய தலையணை. பக்கத்து முக்காலியில் அவர் தேடிக்கொண்டிருந்த இரண்டாவது மூக்குக் கண்ணாடி. அவருடைய தண்ணீர்ச் செம்பு. ரத்தக் கொதிப்பு மாத்திரை, நாள்வாரியாகப் பிரித்து வைத்த டப்பா, ஒரு மாதத்துக்கு.

அவருக்காக ஒழித்த அறை.

பின்னால் கதவு சாத்திய சத்தம் பெரிதாக இல்லை. தாழ் விழுந்த சத்தம்தான் பெரிது.

“என்னங்க.” மனைவியின் குரல் கதவுக்கு மிக அருகில் இருந்தது. “கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்க. கீழ சம்பந்தி வீட்ல இப்பத்தான் வந்திருக்காங்க.”

“தொறடி.”

“வீட்டு விஷயம் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க.” இது மகன். அதில் கோபம் இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல். “சித்தப்பா சத்தமே போடலை. நீங்களே பெருமையா சொன்னீங்க.”

காலடிகள் இறங்கின. பதினான்கு.

கத்தலாம். கத்தினால் கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும். ஏழு தலைமுறை. அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தம்பியும் இங்கேதான், இப்படித்தான் நின்று வாயை மூடியிருப்பான் என்பது அப்போதுதான் உறைத்தது.

விசிறியின் சத்தம் தாழ்ந்தது. யாரோ கீழே குமிழைத் திருகுகிறார்கள். மெதுவாக. இடப்பக்கம். கடைசி வரை. இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, நின்றன. ஓடிக்கொண்டிருந்த வெளிச்சமும் கட்டில் மேல் நின்றது.

வெக்கை கூரையிலிருந்து இறங்கித் தோளில் உட்கார்ந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. எவ்வளவு நேரம் நின்றாரோ, தெரியாது.

கீழே பட்டை கீச்சிட்டது.

அவர் கண் தானாகவே சென்சார் கம்பியைத் தேடியது. தரைத் துளையிலிருந்து வந்தது கம்பி. சுவரோரம் ஊர்ந்தது. கட்டில் காலில் ஏறியது. போர்வைக்கு அடியில் நுழைந்தது.

போர்வை தட்டையாக இல்லை.

கீச்சு. கீச்சு. யாராவது எண்ணைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஓடி வருவார்கள். அவள் வருவாள். நாற்பது வருடம். கீச்சு.

ஒன்று, இரண்டு, மூன்று.

நின்றுவிட்டது.

அந்த அமைதியில், தம்பி அறையில் இருக்கும்போது அவர் நுழைந்தால் எப்போதும் கேட்கும் அந்த ஒலி கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. போர்வைக்கு அடியில் ஒன்று சுவரோரமாக நகர்ந்து, அண்ணன் உட்கார இடம் விட்டது.